வலது காதில் மட்டும் ஓர் இரைச்சல்

பெரிய அத்தை கதை சொன்னால் பக்கத்தில் சின்ன அத்தை இருக்க வேண்டும். ஆண்டும் பெயரும் தடுமாறும் இடத்தில் சின்ன அத்தை மெல்ல குறுக்கே வருவார். "இல்லக்கா, அது நீ வேலைக்குச் சேர்றதுக்கு முந்தி." பெரியவர் "ஆமா, ஆமா" என்று திருத்திக்கொண்டு தொடருவார். குடும்பத்தின் பழைய செய்திகளை எழுதி வைக்க நினைத்தபோது, இந்தத் திருத்தங்களுக்காகவே இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன்.

கையடக்க ரெக்கார்டரில் 3.5 மில்லிமீட்டர் மைக் துளை ஒன்றுதான் இருந்தது. ஒரு மைக்கை இடது சேனலுக்கும் மற்றதை வலது சேனலுக்கும் அனுப்பும் ஸ்ப்ளிட்டரைப் போட்டு, இரண்டு காலர் மைக்குகளை இணைத்தேன். இடது பெரிய அத்தைக்கு, வலது சின்ன அத்தைக்கு. இருவருக்கும் நடுவே ஒரு மீட்டர் தூரம் இருக்கும். தொடங்கும்போது ஹெட்ஃபோனில் கேட்டேன், இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. நான் காதை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குப் பேச்சு வராது என்று தோன்றியதால் கொஞ்ச நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு மணி ஐம்பது நிமிடம் தடையில்லாமல் பேசினார்கள்.

இரவு கேட்டபோது முதல் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் போனது. பிறகு வலது காதில் ஒரு 'சடசட'. அதோடு 'உம்ம்' என்ற ரீங்காரம். அவற்றுக்குப் பின்னால் மழை பெய்வது போல ஓயாத ஓர் 'உஸ்'. கடைசி வரை அப்படியே. இடது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

இரைச்சல் இரண்டு காதுகளிலும் சமமாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் மனம் அதை ஒதுக்கிவிடும். ஒரு காதில் மட்டும் கேட்டால் கவனம் அந்தப் பக்கமே போகிறது. பத்து நிமிடம் கேட்டதற்கே தலை வலித்தது. இதை வீட்டில் மற்றவர்களுக்கு அப்படியே கொடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, பேச்சில்லாத ஒரு துண்டை இரைச்சல் மாதிரியாகக் காட்டி, இரைச்சலைக் குறைக்கும் கருவியான நாய்ஸ் ரிடக்‌ஷனை 24 டெசிபலுக்கு (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) ஏற்றி ஓட்டினேன். 'உஸ்' குறைந்தது. ஆனால் குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டன. வார்த்தைகளின் ஓரத்தில் குருவிக் கூட்டம் போலச் சின்னச் சின்னக் கீச்சொலிகள். இதற்குக் காரணம் உண்டு. அந்தக் கருவி ஒலியைப் பல அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு இரைச்சல் அளவிலேயே நிற்கிறதோ அதைத் தாழ்த்துகிறது. பேச்சு வரவர ஒவ்வொரு துண்டும் திறந்து மூடுகிறது. அளவு மீறித் தாழ்த்தினால் அந்தத் திறப்பும் மூடலுமே கீச்சென்று கேட்கும். 'சடசட'வுக்கோ இது உதவவே இல்லை. மாறாமல் ஓடும் இரைச்சலுக்கான கருவி இது, திடீரென்று வெடிக்கும் ஒலியை மாதிரியாகக் காட்ட முடியாது. எல்லாவற்றையும் விட வருத்தம் தந்தது, சுத்தமாக இருந்த இடது சேனலையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன் என்பது.

அடுத்து, இரண்டையும் கலந்து மோனோவாக்கினால், அதாவது ஒரே சேனலாக்கினால், இரைச்சல் பாதியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர், அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு சேனல்களிலும் ஒரே ஒலி, ஒரே அளவு இரைச்சல், இரண்டு இரைச்சலுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றால், கலப்பது நல்லதே. குரல் முழுதாகக் கூடும், இரைச்சல் அந்த அளவுக்குக் கூடாது, 3 டெசிபல் லாபம் கிடைக்கும். ஒரு சேனல் மட்டும் கெட்டிருக்கும்போது கணக்கு தலைகீழ். வலதின் இரைச்சல் இடதை விட 20 டெசிபல் அதிகம் என்று வையுங்கள். சராசரி எடுத்தால் வலதின் இரைச்சல் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். அதாவது இடதை மட்டும் வைத்துக்கொண்டால் இருந்திருக்கக்கூடியதை விட 14 டெசிபல் மோசம். நல்ல பாலில் கெட்ட பாலை ஊற்றிய கதை.

கலப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்குச் சுமார் 3 மில்லிநொடி தாமதமாகத்தான் அதே குரல் போய்ச் சேரும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 3 மில்லிநொடிக்கு முதல் பள்ளம் 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும், அப்புறம் சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் குரல் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருந்தால் இந்தப் பள்ளங்கள் ஆழமாக விழுந்து, குழாய்க்குள் பேசுவது போலக் கேட்கும். ஸ்டீரியோவாகக் கேட்கும்போது தெரியாத இந்தக் குறை, ஒரே ஸ்பீக்கருள்ள போனில் போட்டதும் வெளியே வந்துவிடும்.

சரி, வலதை முழுதாகத் தூக்கிவிட்டு இடதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஒரு சேனல் கெட்டுப்போன பேச்சுப் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையிலேயே இதுவே போதும். ஒருவர் மட்டும் பேசிய பதிவானால் இரண்டு நிமிட வேலை. மோனோ பதிவைக் கேசட்டிலிருந்து ஸ்டீரியோ பிளேயர் வழியாகக் கணினிக்கு மாற்றியிருந்தாலும் அப்படித்தான். இரண்டு சேனலிலும் இருப்பது ஒரே ஒலி, எது சுத்தமோ அதை எடுத்துக்கொள்ளலாம். (கேசட் என்றால், மென்பொருளைத் தொடும் முன் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கியிருப்பதற்குப் பல நேரம் ஹெட்டில் ஒட்டிய அழுக்குதான் காரணம்.)

இதில் ஒரு சின்ன இடறல் உண்டு. ஸ்டீரியோ டிராக்கை இரண்டாகப் பிரிக்க ஆடாசிட்டியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் பிரிந்த டிராக்குகள் தத்தம் பக்கத்திலேயே நிற்கும், மற்றதில் இரண்டும் நடுவுக்கு வரும். முதல் வழியில் பிரித்து வலதை அழித்தால், மிச்சமிருக்கும் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். நடுவுக்கு வரும்படி பிரித்து, கடைசியில் மோனோ கோப்பாகவே சேமித்தால் இரண்டு காதுகளிலும் கேட்கும், கோப்பும் பாதி அளவுதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் என் ஸ்டீரியோ மூலக்கோப்பு 1.9 ஜிபி இருந்தது.

இடதை மட்டும் வைத்துக் கேட்டேன். பெரிய அத்தையின் குரல் அருமையாக இருந்தது. நாற்பது நிமிடம் போன பிறகுதான் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. பெரிய அத்தை திடீர் திடீரென்று "ஆமா, ஆமா" என்கிறார். எதற்கு ஆமாம் போடுகிறார் என்பது கேட்கவில்லை. சின்ன அத்தை மெல்லப் பேசுபவர். அக்காவின் காலரில் இருந்த மைக்குக்கு அந்தக் குரல் ஒரு முணுமுணுப்பாகத்தான் போயிருந்தது. எந்தத் திருத்தங்களுக்காக இருவரையும் உட்கார வைத்தேனோ, அவை எல்லாம் நான் தூக்கிப் போட்ட சேனலில் இருந்தன.

அங்கேதான் என் அணுகுமுறை மாறியது. அதுவரை 'இந்த இரைச்சலை எப்படி எடுப்பது' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'கெட்ட சேனலில் மட்டும் இருப்பது என்ன' என்பது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வேலையின் அளவு சட்டென்று சுருங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் இரைச்சலைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. அதற்குள் தொலைந்துபோகக் கூடாத வாக்கியங்களை மட்டும் மீட்டால் போதும்.

ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, சின்ன அத்தை வாய் திறக்கும் இடங்களை எல்லாம் நிமிடம், நொடியோடு குறித்தேன். அறுபத்து நான்கு இடங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் இடது சேனலில் மட்டும் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு இடங்களில், சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே சொல் புரிந்தது. அவற்றை இடதிலேயே விட்டுவிட்டேன். மிச்சம் இருபத்து மூன்று. எல்லாம் சேர்ந்தாலும் ஒன்பது நிமிடத்துக்கு உள்ளேதான். இந்தப் பட்டியல் போட ஒரு மாலை முழுக்கப் போனது. மொத்த வேலையிலும் அதிகம் பலன் கொடுத்த மாலை அதுதான்.

அந்த இருபத்து மூன்று துண்டுகளுக்கும் வலது சேனலைத் தனியே எடுத்து, ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் திறந்தேன். காதுக்கு ஒரே குழப்பமாக இருந்தது கண்ணுக்கு மூன்றாகப் பிரிந்து தெரிந்தது. அடிப்பக்கத்தில் குறுக்காக ஓடும் கோடுகள், அது ரீங்காரம். மேலிருந்து கீழே ஊசி போல நிற்கும் கோடுகள், அது 'சடசட'. எங்கும் பரவிய மூட்டம், அது 'உஸ்'. மூன்றும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

'சடசட'வை முதலில் எடுத்தேன். அதை விட்டுவைத்து மற்ற வேலைகளைச் செய்தால், ஃபில்டர்கள் ஒவ்வொரு வெடிப்பையும் இழுத்து நீட்டிவிடும். தானாகக் கண்டுபிடித்து நீக்கும் கருவி பாதியைத்தான் பிடித்தது, கூடவே 'ட', 'ப' போன்ற எழுத்துகளின் தொடக்கத்தையும் வெடிப்பென்று நினைத்து மழுக்கியது. அதனால் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்தேன். ஆடாசிட்டியின் ரிப்பேர் கருவி ஒரு தடவைக்கு 128 சாம்பிள் (ஒலியை அளந்து பதிந்த புள்ளிகள்) வரைதான் ஏற்கும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லிநொடிக்கும் குறைவு. இரண்டு பக்கத்து அலையையும் பார்த்து நடுவை நிரப்பிவிடும், தையல் தெரியாது. அதை விட நீளமான வெடிப்பு, இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்தால் அந்த இடத்தை அமைதியான ஒரு துண்டால் மூடினேன். சொல்லின் மேலேயே விழுந்திருந்தால், அந்த நொடிக்கு மட்டும் சத்தத்தைத் தாழ்த்தினேன்.

அடுத்து, மின்சாரத்திலிருந்து நுழையும் ரீங்காரம். மின்சாரத்தின் அலைவரிசை நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். என் பதிவில் 50, 100, 150, 200 என்று அதன் மடங்குகளில் எல்லாம் கோடு இருந்தது. பெண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 165 ஹெர்ட்ஸுக்கு மேல் என்பதால், 100க்குக் கீழே மொத்தமாக வெட்டிவிடலாம், இழப்பில்லை. 100, 150 ஆகிய இடங்களில் குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் வைத்தேன், வெட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் 'கியூ' எண்ணை ஏற்றி மிக ஒடுக்கமாக. 200ஐத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினேன். அங்கே குரலே இருக்கிறது, எடுத்தால் சளி பிடித்தவர் பேசுவது போல ஆகிறது. கொஞ்சம் ரீங்காரம் மிச்சமிருப்பது தேவலை.

கடைசியாக 'உஸ்'. இந்த முறை 6 டெசிபல் மட்டும். போதாத இடங்களில் அதே 6ஐ இன்னொரு தடவை. இங்கே ஒன்றை எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன்: நாய்ஸ் ரிடக்‌ஷன் பெட்டியில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டம் கேட்டால், மிஞ்சப்போகும் ஒலிக்குப் பதிலாக நீக்கப்படப்போகும் ஒலி கேட்கும். அதில் வெறும் 'உஸ்' மட்டும் இருந்தால் நல்லது. அதற்குள் யாரோ பேசுவது கேட்டால், குரலை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். முடிவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் காது மெல்ல மெல்லப் பழகி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிடும். கழிவைக் கேட்கும்போது ஏமாற முடியாது.

சுத்தம் செய்த துண்டுகளை இடது சேனலில் பொருத்துவது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்படியே வெட்டி ஒட்டினால், சின்ன அத்தை பேசும்போதெல்லாம் அறை மாறியது போல இருந்தது. அவருடைய மைக் வாய்க்கு அருகில், அதனால் குரல் நெருக்கமாகவும் காய்ந்தும் கேட்டது. பின்னணியும் சட்டென்று மாறியது. மூன்று விஷயங்கள் உதவின. சத்தத்தை, பெரிய அத்தைக்குச் சமமாக ஏற்றாமல், ஒரு படி தாழ்த்தி வைத்தேன். பதிவின் தொடக்கத்தில் நான் மைக்குகளைச் சரிசெய்தபோது யாரும் பேசாத இருபது நொடி இடது சேனலில் கிடைத்தது. அந்த அறையின் வெற்று ஒலியை ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் விரித்தேன். இணையும் இடங்களை எல்லாம், சொற்களுக்கு நடுவிலுள்ள மூச்சு இடைவெளியில் வைத்து, பத்திருபது மில்லிநொடிக்கு ஒலி மெல்ல ஏறி இறங்கும்படி ஃபேடு கொடுத்தேன். துண்டு ஓடும் நேரத்தில் இடதின் ஒலியை அடக்கிவிட்டதால், முன்னே சொன்ன 3 மில்லிநொடித் தகராறு எழவில்லை.

இது பேச்சு என்பதால் மோனோவோடு நிம்மதியாக நிறுத்திக்கொள்ள முடிந்தது. இசைப் பதிவானால் ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்கு நகல் எடுப்பதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். எந்த வாத்தியம் எங்கே இருந்தது என்ற விரிவு முழுதாகப் போய்விடும். இரைச்சல் சில நொடிகளுக்கு மட்டும் என்றால் அந்த நொடிகளை மட்டும் மறுபக்கத்தால் மூடலாம். 'உஸ்' மட்டும்தான் தொல்லை என்றால், கெட்ட பக்கத்தின் மேல் அலைவரிசைகளுக்குப் பதிலாக நல்ல பக்கத்தின் மேல் பகுதியை வைத்து, கீழ்ப் பகுதியை அதனதன் இடத்தில் விடலாம். விரிவின் பெரும்பகுதி தப்பிக்கும். மோனோவில் இருந்து போலியாக ஸ்டீரியோ உண்டாக்க, ஒரு பக்கத்தைச் சில மில்லிநொடி தள்ளி வைப்பார்கள். ஹெட்ஃபோனில் அழகாகத்தான் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் அதே பள்ளங்கள் திரும்ப வந்துவிடும், அதனால் நான் அதைச் செய்வதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, தவறு எங்கே நடந்தது என்று தேடினேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம், பதிவைக் காப்பாற்றும் பதற்றத்தில் தோன்றவில்லை. முறை எளிது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் ஸ்ப்ளிட்டரில் இரண்டு மைக்குகளையும் இடம் மாற்றிச் செருகினேன். இரைச்சல் மைக்கோடு சேர்ந்து இடதுக்குப் போயிருந்தால் மைக்தான் பழுது. போகவில்லை, வலதிலேயே நின்றது. அப்படியென்றால் ஸ்ப்ளிட்டரோ, ரெக்கார்டரின் துளையோ. ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு வேறொரு ஸ்டீரியோ மைக்கை நேரடியாகச் செருகினேன், இரண்டு பக்கமும் சுத்தம். ஸ்ப்ளிட்டரின் வலது காலை, வயர் பின்னுக்குள் நுழையும் கழுத்தில் லேசாக வளைத்ததும் 'சடசட' வந்தது. நிமிர்த்தினால் போனது. பன்னிரண்டாவது நிமிடத்தில் சின்ன அத்தை சாய்ந்து உட்கார்ந்திருப்பார், வயர் இழுபட்டிருக்கும். வயரைச் சுற்றியுள்ள ஷீல்டு இழைகள் அந்தக் கழுத்தில் அறுந்திருந்தால், தொடர்பு விட்டு விட்டு வரும், வெளி மின்சாரத்தின் ரீங்காரமும் உள்ளே வரும். நான் கேட்டது அத்தனையும் அதுதான்.

3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னில் நுனி இடதுக்கு, நடு வளையம் வலதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. ஒரு பக்கம் மட்டும் கெட்டால் அந்தப் பக்கத்தின் பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போனுக்கென்று விற்கும் காலர் மைக்குகளின் பின்னில் மூன்று வளையக் கோடுகள், அதாவது நான்கு தொடுமுனைகள் இருக்கும். அவற்றை ரெக்கார்டரில் அப்படியே செருகினால் சரியாக வேலை செய்யாமல் போகலாம், பழுது என்று நினைத்து ஏமாறுவோம்.

இப்போது பதிவுக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து இடதைக் கேட்கிறேன், அப்புறம் வலதை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒரு பக்கத்தின் சின்னக் குறையை மறுபக்கம் மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு இணைப்பின் கழுத்தையும் வளைத்துப் பார்க்கிறேன். வயரை உடையிலோ நாற்காலியிலோ ஒரு சுற்று தளர்வாகப் பிடித்து வைக்கிறேன், ஆள் அசைந்தாலும் இழுவை பின்னுக்குப் போகாது. அரை நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அறையின் ஒலியைப் பதிகிறேன். ஹெட்ஃபோன் கூச்சம் தருமே என்றால், ஒரே ஒரு இயர்போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன். யாரும் கண்டுகொள்வதில்லை.

என் பதிவில் நாற்பத்தேழாவது நிமிடத்தில் ஓர் இடம் மட்டும் சரியாகவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், சின்ன அத்தை ஒரு பெயரைச் சொல்கிறார், அதன் நடு எழுத்தின் மேல் வெடிப்பு. நான்கு விதமாக முயன்றேன், ஒவ்வொரு முறையும் பெயர் வேறு மாதிரி கேட்டது. இல்லாத ஒரு பெயரை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயந்து, அந்த இரண்டு நொடியை இரைச்சலோடு அப்படியே விட்டுவிட்டேன். சின்ன அத்தையைக் கூப்பிட்டுப் பெயரைக் கேட்டு, எழுத்து வடிவில் அந்த நிமிடத்துக்கு நேரே குறித்து வைத்தேன். கை வைக்காத மூலக்கோப்பு இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கிறது.